எத்தனை நாள் தாங்கும்?

மனித முடியால் செய்த விக் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வியை எங்கள் வீட்டில் முதலில் கேட்டவர் அம்மா. 2016-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், சென்னையில் ஒரு மாடிக் கடையில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சிறிய அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். “தினமும் போட்டா ஒரு வருஷம் வரும்மா. பக்குவமா வச்சுக்கிட்டா ஒன்றரை வருஷம்கூட ஓடும்” என்றார் கடைக்காரர். அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே, “எனக்கு அவ்வளவு தேவைப்படாது” என்றார். அதற்குள் சொந்த முடி வளர்ந்துவிடும் என்ற பொருளில் சொன்னாரா, வேறு பொருளிலா என்பது எங்களுக்கு விளங்கவில்லை. கேட்டுத் தெளிந்துகொள்ளும் துணிவும் அன்று எங்களுக்கு இல்லை.

நாங்கள் என்பது அக்கா, தங்கை இருவர். இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். நினைவுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், எந்த வரி எவருடையது என்று பிரிப்பது எங்களுக்கே கடினம்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கும்பகோணத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்கு வந்து மருந்து ஏற்றிக்கொள்வார். இரண்டு அல்லது மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். பதினேழாம் நாள் காலையில் தலையணையில் கிடந்தது. அம்மா அழவில்லை. கொட்டிய முடியைப் பழைய வழக்கப்படி விரலில் சுற்றி உருண்டையாக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் சிறுவயதில் ஓட்டுக் கூரையின் கைமரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துதான் அதற்கு இடம். சீவும்போது உதிரும் சிக்குமுடி முழுதும் அங்கே சேரும். மாதம் ஒருமுறை வரும் வியாபாரி அதை வாங்கிக்கொண்டு கொண்டை ஊசியோ, பிளாஸ்டிக் கிண்ணமோ கொடுத்துவிட்டுப் போவார். நல்ல நீளமாகத் தேறியதை மட்டும் அம்மா கொடுக்கமாட்டார்; அவற்றைச் சேர்த்துச் சவுரி கட்டி வைத்துக்கொள்வார். சவுரி என்ற சொல்லில் ஒரு மரியாதை இருக்கிறது. டோப்பா என்றால் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆகவே எங்கள் வீட்டில் கடைசிவரை எவரும் டோப்பா என்று சொல்லவில்லை. விக் என்றோம், அம்மா மட்டும் சவுரி என்றார்.

ஐப்பசியில் வாங்கியது இரண்டாவது விக். முதலாவதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் நாங்கள் ஏமாந்த இடம் அது. வேறொரு கடையில், நூறு சதவீதம் மனித முடி என்ற அட்டையோடு, பட்டுப்போல வழவழத்துக்கொண்டிருந்தது. அம்மா அதிலிருந்து ஒரு மயிரிழையைப் பிடுங்கி, தீக்குச்சி உரசிக் கொளுத்திப் பார்த்தார். செயற்கை இழையாக இருந்தால் உருகி முத்தாகத் திரளும். மனித முடியானால் பொசுங்கும் நாற்றத்தோடு கருகி, தொட்டால் பொடியாகும். பொடியாயிற்று. மனித முடிதான், பொய்யில்லை. ஆனால் ஆறே வாரத்தில், மூன்றாவது அலசலுக்குப் பின், அது சடையாகத் திரண்டு, சீப்பு நுழையாத கட்டியாகிவிட்டது.

காரணத்தை அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். முடியின் மேற்புறம் ஓடு வேய்ந்த கூரையைப் போன்றது. நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சரிந்து படிந்திருக்கின்றன. எல்லா முடியும் ஒரே திசையில் கிடந்தால் சிக்கல் இல்லை. தலைகீழாகக் கலந்துவிட்டால் ஒன்றன் செதில் மற்றொன்றின் செதிலைக் கௌவிக்கொள்ளும். சிக்குமுடியில் வேர் எது, நுனி எது என்று பிரிப்பது பெரும்பாடு. எனவே மலிவான சரக்கில் அமிலத்தில் ஊறவைத்துச் செதில்களையே அரித்துவிட்டு, மேலே சிலிக்கான் பூசி மினுக்குகிறார்கள். பூச்சு சில அலசல்களில் கழன்றுபோகும்; அதன்பின் மிஞ்சுவது தோலுரிந்த முடி. கோயில்களில் மொட்டையடிக்கும்போது எடுப்பது வேறு வகை. நீண்ட கூந்தலை முடிச்சிட்டுக் கட்டாக எடுத்துவிட்டால் வேரெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் மறுபக்கம் நிற்கும். வணிகத்தில் ரெமி என்று சொல்வது இதைத்தான். நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக விரலால் உருவிப் பார்த்தால் இலேசாகச் சொரசொரக்க வேண்டும். சொரசொரப்பே நல்ல முடிக்கு அடையாளம் என்பதை வழவழப்பைக் கண்டு மயங்கிய நாங்கள் எப்படி அறிவோம்?

நல்ல முடி என்றால் கோயில் முடி என்று இரண்டாவது கடைக்காரர் சொன்னதும் அம்மாவின் முகம் மாறிற்று. திருப்பதி, பழனி போன்ற தலங்களில் காணிக்கையாகச் செலுத்தப்படும் முடி ஏலம் விடப்படுவது எல்லோரும் அறிந்ததே. திருமலையில் மட்டும் அதனால் வரும் வருவாய் அண்மை ஆண்டுகளில் நூறு கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. அறிந்திருந்தாலும், தன் தலையில் வந்து அமரும்போது அது வேறு செய்தி. எங்களில் இளையவளுக்கு 1983-இல் விஷக்காய்ச்சல் கண்டு பிழைத்தபோது, அம்மா பழனிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டார். மறுநாள் முழங்காலளவு பின்னல் இல்லாத அம்மாவைப் பார்த்து நாங்கள் இருவரும் பயந்து அழுதோமாம். “அது எங்க போச்சுன்னு அன்னிக்கு நெனச்சே பாக்கல” என்றார் அம்மா. சற்று நேரம் கழித்து, “இவ எதுக்கு வேண்டிக்கிட்டாளோ, நெறவேறிச்சோ என்னமோ” என்றார். அந்த ‘இவள்’ எங்களோடு அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

2004-ஆம் ஆண்டில் இந்த முடியைப் பற்றி உலகம் முழுதும் ஒரு பேச்சு எழுந்தது. வைதிக யூத மரபில் திருமணமான பெண்கள் தம் கூந்தலைப் பிறர் பார்வையிலிருந்து மறைக்க வேண்டும். பலர் அதற்காக விக் அணிகிறார்கள். ஷெய்ட்டெல் என்பது அதன் பெயர். திருமலையில் முடி களைவது வேற்றுத் தெய்வ வழிபாட்டின் பகுதி, ஆகவே அதில் கிடைக்கும் முடியால் பயன் கொள்ளலாகாது என்று இஸ்ரேலின் பெருமதிப்புக்குரிய ரப்பி யோசேப் ஷாலோம் எல்யாஷிவ் அந்த ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் யூதப் பெண்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய விக்குகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். இதை அம்மாவிடம் சொன்னோம். “கொளுத்தினாங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். கோபம் இல்லை. “அவங்க சாமிக்குப் பயந்து அவங்க செஞ்சாங்க. ஆனா மொட்டையடிச்சவ என்ன பாவம் பண்ணினா?” என்றதோடு நிறுத்திக்கொண்டார். முடி களைவதே வழிபாடா, களைந்தபின் கிடப்பது வெறும் கழிவா என்ற நுட்பத்தைப் பற்றி அங்கே அறிஞர்கள் நெடுநேரம் வாதிட்டார்களாம். எங்களுக்கு அந்த வாதத்தில் புக ஞானம் போதாது.

நிற்க. பராமரிப்புக்கு வருவோம்.

தலையிலுள்ள முடிக்குத் தோலிலிருந்து எண்ணெய்ப்பசை சுரந்துகொண்டே இருக்கிறது. தலையை விட்டு நீங்கிய முடிக்கு அந்த ஊற்று இல்லை. ஒவ்வொரு அலசலும் அதை உலர்த்துகிறது. பழுதுபட்ட இடம் தானாகச் சரியாவதும் இல்லை. ஆகவே பத்துப் பதினைந்து முறை அணிந்தபின் ஒரு தடவை அலசினால் போதும் என்றார்கள். நம் ஊர் வியர்வைக்கு அது எப்படிப் போதும் என்று கேட்டதற்கு, உள்ளே மெல்லிய பருத்திக் குல்லாய் அணிந்து அதைத் தினமும் துவைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியே செய்தோம். இரண்டு விக்குகளை மாற்றி மாற்றி அணிந்தால் இரண்டும் நெடுநாள் உழைக்கும் என்ற யோசனையும் வந்தது. எங்கள் கைக்கு அது எட்டவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை கொல்லையில் அலசுவோம். நனைப்பதற்கு முன்பே அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுக்க வேண்டும். வேர்ப்பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் வலையிலிருந்து முடி பிய்ந்து வரும். உடம்புச் சூட்டைத் தாண்டாத தண்ணீர். அதுவும் குழாய்த் தண்ணீர்தான். கொல்லைக் கிணற்று நீரின் உப்பு முடியில் படிந்து நாராக்கிவிடுகிறது. சல்பேட் இல்லாத ஷாம்பூவைக் கரைத்து மேலிருந்து கீழாக வழியவிட வேண்டும். துணியைக் கசக்குவதுபோல் கசக்கக் கூடாது. கண்டிஷனரை நடுவிலிருந்து நுனிவரை மட்டுமே தடவவேண்டும். முடி கட்டியிருக்கும் முடிச்சுகளில் பட்டால் அவை வழுக்கி அவிழ்ந்துவிடும். பிறகு துண்டில் வைத்து ஒற்றி, பிழியாமல், கவிழ்த்த பித்தளைக் குடத்தின்மேல் துண்டு சுற்றி அதன்மேல் கவிழ்த்து நிழலில் காயவைப்போம். வெயிலில் வைத்தால் கருமை கரைந்து செம்பட்டையாகும். ஈரத்தோடு சீவவும் கூடாது, நனைந்த முடி எளிதில் அறும்.

இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியின் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். ஆயினும் இரண்டாவது மாதத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விக்குக்குத் தேங்காயெண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டார். நாங்கள் வந்து பார்க்கையில் வலைக்கண்ணிலெல்லாம் சீயக்காய்த் துகள். “வறண்டு கெடக்கு, பாக்கச் சகிக்கல. நம்ம முடியா இருந்தா இப்படி விடுவமா?” என்றார். துகளை ஊசிமுனையால் எடுத்து முடிக்க ஒரு பகல் ஆயிற்று. நெற்றியோரம் எண்ணெய் ஏறிய முடிச்சுகளில் சில அன்றே நழுவின. அம்மாவைக் கடிந்துகொண்டோம். இருபத்தெட்டாயிரம் ரூபாய் என்று சொன்னோம். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிதாகக் கடிந்துகொண்டது வேறொன்றுக்கு. அணிந்தபடி தூங்கக் கூடாது என்பது தாளில் முதல் விதி. தலையணையில் உராய்ந்து பிடரிப்பக்கம் சடைபிடிக்கும். வலையும் விளிம்பில் கிழியும். ஆனால் ஒவ்வொரு முறை அலசும்போதும் பிடரியில் கட்டி கட்டியாகச் சிக்கு இருந்தது. கேட்டால் அம்மா இல்லையென்று சாதித்தார். பகலில் எங்கள் எதிரில் வெறுந்தலையோடு இருக்கத் தயங்காதவர் இரவில் ஏன் அணிகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. இப்படி நடந்துகொண்டால் ஆறு மாதம்கூடத் தாங்காது என்று எங்களில் மூத்தவள் சற்று உரக்கவே சொன்னாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

அன்று மாலை அப்பா எங்களைத் திண்ணைக்கு அழைத்தார். பேச்சுக் குறைவானவர். தெருவைப் பார்த்துக்கொண்டே, “அவள அது விஷயமா ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் போட்டுக்கிட்டுத் தூங்கறா” என்றார். பிறகு, “தூக்கத்துல நழுவிடும். விடியறதுக்கு முன்னால நான் எழுந்து சரியா வச்சுட்டு மறுபடி படுத்துக்குவேன். அவளுக்குத் தெரியாது” என்றார்.

மறுநாள் காலை அந்தத் தாளிலிருந்து முதல் விதியைக் கத்தரித்து எடுத்துவிட்டோம். அதன்பின் பிடரிச் சிக்கை வாய் பேசாமல் எடுத்தோம். முரட்டுப் பருத்தித் தலையணையுறையை மாற்றிப் பட்டுத்துணியில் உறை தைத்துப் போட்டோம். உராய்வு ஓரளவு குறைந்தது.

மருந்து முடிந்த சில மாதங்களில், 2017-இன் நடுவில், அம்மாவின் சொந்த முடி முளைத்தது. முன்பு நேர்முடி, இப்போது சுருள் சுருளாக, நரையோடு. அவருக்கு அது பிடிக்கவில்லை. உறவில் நடந்த திருமணங்களுக்கு மேலும் ஓராண்டு சவுரியையே அணிந்துபோனார். 2018 ஆவணியில் ஒருநாள் அதைத் துண்டில் சுற்றிப் பரணில் வைக்கச் சொன்னார். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அதில் அன்றாடம் அணிந்தது பத்து மாதம். கடைக்காரர் சொன்ன கெடுவை அது தாண்டிவிட்டது. நெற்றியோரம் வலை தெரியத் தொடங்கியிருந்தது. கருமை தவிட்டு நிறத்துக்கு மாறியிருந்தது. ஆனால் நடுமுடி அப்படியே இருந்தது.

முடி என்பது எளிதில் அழியாத பொருள். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் பண்டைய எகிப்தியக் கல்லறையில் கிடைத்த மனிதமுடி விக் ஒன்று இருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது. தேன்மெழுகும் பிசினும் கலந்து படியவைத்த சுருள்கள் இன்றும் கலையவில்லை. அழிவது முடியைத் தாங்கும் வலையும் முடிச்சும்தான். தமிழில் முடி என்றால் கூந்தல், முடி என்றால் முடிச்சிடு, முடி என்றால் தீர்த்துவை. இதை வைத்துச் சிலேடை செய்ய எங்களுக்கு விருப்பமில்லை. பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லே இங்கு முதலில் தேய்கிறது என்பதைச் சொல்ல வந்தோம்.

2021-இன் இறுதியில் நோய் திரும்பியது. இம்முறை எலும்பில். மீண்டும் முடி கொட்டியபோது பரணிலிருந்து எடுக்கட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். அப்பாவைத் தம் அருகே அழைத்து உட்காரவைத்து, தலையிலிருந்த துணியை அவர் எதிரிலேயே எடுத்தார். “பாத்துக்குங்க, இப்படித்தான் இருக்கும்” என்றார். அப்பா, “தெரியும்” என்று சொல்லவில்லை. அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார். 2022 பங்குனியில் அம்மா போய்விட்டார்.

எடுத்துக்கொண்டுபோகும் நாளில் எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கு வந்தது. சவுரியை அம்மாவின் தலைமாட்டில் வைத்து அனுப்பவேண்டும் என்றாள் இளையவள். கூடாது என்றாள் மூத்தவள். அந்த வேளையில் சண்டையிடத்தக்க பொருளா அது என்று உறவினர் திகைத்தார்கள். அப்பாதான் தீர்த்தார். “அது அவ முடி இல்ல. வேற ஒரு பொண்ணோடது. அதைக் கொளுத்த நாம யாரு?” என்றார்.

ஓராண்டு கழித்து, சென்னையில் நாடகங்களுக்கும் சினிமாவுக்கும் சவுரி கட்டிப் பழகிய ஒரு பெரியவரிடம் அதை எடுத்துக்கொண்டு போனோம். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். வலையை விரலால் சுண்டிவிட்டு, “இது செத்துப்போச்சு” என்றார். முடியை நுனியிலிருந்து மேல்நோக்கி உருவிப் பார்த்து, “இதுக்கு உசிரு இருக்கு” என்றார். பின்பக்கம் வரிசை வரிசையாகத் தைத்திருந்த முடியை அவிழ்த்துப் புதிய குல்லாயில் தைத்தார். நெற்றியோரத்துக்கு மட்டும் புது முடி கொண்டு, கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக முடிச்சிட்டார். அதற்கே பத்து நாள் பிடித்தது. நுனிகள் பிளந்திருந்ததால் தோளளவுக்கு வெட்டி, கருஞ்சாயம் ஏற்றிக் கொடுத்தார். பழைய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கேட்கவில்லை.

இப்போது அது எங்கள் மாமா மகன் மனைவியின் தலையில் இருக்கிறது. திருவாரூரில் பள்ளி ஆசிரியை, முப்பத்தெட்டு வயது, இன்னும் நான்கு முறை மருந்து ஏற்ற வேண்டும். வகுப்பில் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, “அக்கா, ரொம்ப வறண்டாப்பல இருக்கு. என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள்.

கண்டிஷனரை நுனியில் மட்டும் தடவு, கால் மணி நேரம் விட்டு அலசு, நிழலில் காயவை என்று சொன்னோம். “எண்ணெய் மட்டும் வச்சிராதேம்மா” என்றோம். மறுமுனையில் சிறிது மௌனம்.

“நேத்து வச்சுட்டேனே அக்கா” என்றாள்.